பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

மரமேறுவோரின் கயிறும் உராய்வுக் கருவிகளும்

சென்ற பருவமழைக்குச் சில வாரங்கள் முன்னதாக, பாலக்காட்டில் உள்ள நமது கிளைக்கு நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். முப்பது ஆண்டுகளாகக் கால் தளை மாட்டித் தென்னை ஏறுபவர். அவருடைய மகன் மா, பலா, வாகை போன்ற பெருமரங்களில் கயிற்றில் தொங்கியபடி கிளை கழிக்கும் தொழிலைக் கற்று வந்திருந்தார். அதற்கான கயிறும் கருவியும் வாங்க முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் கடன் கேட்டார்கள். 50,000 ரூபாய் வரை பிணையின்றி வழங்கப்படும் கடன் அது. விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது தந்தை தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்: “கயிறு பையனைப் பிடித்துக்கொள்ளும் சார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இறங்க வேண்டும் என்றால் அது மெதுவாக விடுமா? அதுதான் தெரியவில்லை.”

மரமேறும் கயிற்றுக் கருவிகளின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடியதே என்பதைப் பின்னர் படித்து அறிந்தோம். அறிந்ததை நம் வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கூட்டு வட்டியைப் போன்ற கணக்கு

கிணற்றில் வாளி இறக்குபவர் கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் கை நோகாது. இந்த அனுபவ அறிவுக்குக் கணித வடிவம் தந்தவர் 18ஆம் நூற்றாண்டின் கணித மேதை ஆய்லர். சுற்றுகள் கூடும்போது பிடிமானம் கூட்டல் முறையில் வளர்வதில்லை; பெருக்கல் முறையில் வளர்கிறது. உராய்வுக் கெழு 0.25 என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்றில் பிடிமானம் ஏறத்தாழ 4.8 மடங்கு, இரண்டு சுற்றில் 23 மடங்கு, மூன்று சுற்றில் 111 மடங்கு. 80 கிலோ எடையுள்ள மனிதரை ஒரு சுற்றில் நிறுத்த 17 கிலோ அளவுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்று சுற்றில் முக்கால் கிலோவே போதும்.

வட்டி அசலோடு சேர்ந்து மீண்டும் வட்டி ஈட்டுவதைப் போலவே ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பலனைப் பெருக்குகிறது. கூட்டு வட்டி சேமிப்பவருக்குத் துணையாகவும் கடன்பட்டவருக்குச் சுமையாகவும் இருப்பதை நாம் அறிவோம். இங்கும் அப்படித்தான். ஒரு சுற்றுக் குறைந்தால் ஆள் சறுக்குவார். ஒரு சுற்றுக் கூடினால் நடுவழியில் இறுகி நின்றுவிடுவார். கயிறு மழையில் நனைந்தாலும், மரப்பிசின் படிந்தாலும், பழகித் தேய்ந்தாலும் உராய்வு மாறும். ஒரே முடிச்சு காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் நடந்துகொள்வதற்குக் காரணம் இதுவே.

முடிச்சிலிருந்து கருவிக்கு

ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் அறிமுகப்படுத்திய முடிச்சு இத்துறையில் ஒரு தொடக்கப்புள்ளி. மெல்லிய கயிற்று வளையம் ஒன்றைத் தடித்த கயிற்றின்மீது சுற்றி அமைப்பது அது. எடை விழும்போது இறுகும்; எடை நீங்கியதும் கையால் நகர்த்தலாம். மரம் கழிப்போர் இதன் வழியில் பல முடிச்சுகளை உருவாக்கிக்கொண்டார்கள்.

முடிச்சுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, பாரம் ஏறிய பின் இறுகிக்கொண்டு விட மறுப்பது. இரண்டாவது, வெப்பம். 80 கிலோ எடையுள்ளவர் 15 மீட்டர் உயரத்திலிருந்து கயிற்றில் இறங்கும்போது ஏறத்தாழ 12,000 ஜூல் ஆற்றல் உராய்வினால் வெப்பமாகிறது. 35 மில்லி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. அத்தனையும் விரல் நீளமுள்ள ஒரு முடிச்சின் மேற்பரப்பில் பிறக்கிறது. நைலான் இழை 220 முதல் 260 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். ஆகவே, விரைந்து இறங்குபவரின் முடிச்சு பளபளத்துக் கண்ணாடிபோல் இறுகுவது எச்சரிக்கைக் குறி. உருகாத தன்மையுடைய அராமிட் இழைக் கயிறுகள் முடிச்சுக்கெனத் தனியே பயன்படுத்தப்படுவதும் இதனால்தான்.

முன்பு கயிற்றைக் கிளைமீது போட்டு இரு புறமும் தொங்கவிட்டு ஏறுவதே பரவலான வழக்கம். இதில் எடையின் பாதியளவே முடிச்சின்மீது விழும். ஒற்றைக் கயிற்றில் ஏறுவது எளிது, களைப்பும் குறைவு. ஆனால் முழு எடையும் முடிச்சின்மீது விழுவதால் அது இறுகிப்போகும். இச்சிக்கலுக்குக் கெவின் பிங்கம் என்ற மரமேறி கண்ட தீர்வு ‘ரோப் ரெஞ்ச்’. முடிச்சுக்கு மேலே பொருத்தப்படும் இச்சிறு கருவி, எடை விழும்போது கயிற்றைச் சற்று வளைத்துப் பாரத்தில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொள்கிறது. மீதியை மட்டும் தாங்குவதால் முடிச்சு இறுகுவதில்லை. ஏறும்போது கருவி திரும்பி வழிவிடுகிறது. முடிச்சையே நீக்கிவிட்டு உலோகக் கண்ணிகளால் அதன் வேலையைச் செய்விக்கும் கருவிகளும் உள்ளன.

இவற்றைச் செம்மைப்படுத்துவது என்பது பெரும்பாலும் சின்னஞ்சிறு மாற்றங்களே. ஓர் ஊசியின் இடத்தை மாற்றுவது, கயிறு வளையும் கோணத்தைக் கூட்டிக் குறைப்பது, தேய்ந்த பகுதியை மட்டும் மாற்றும்படி அமைப்பது. ஏறுபவரின் எடைக்கும் கயிற்றின் தடிமனுக்கும் ஏற்பப் பிடிமானத்தைச் சரிசெய்ய முடிந்தால்தான் கருவி நல்ல கருவி. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பதற்றத்தில் மனிதர் கைப்பிடியை விடுவதும் உண்டு. இறுகப் பற்றிக்கொள்வதும் உண்டு. முடிச்சுக்கு மேலே கை தவறிப் பற்றினால் அது இறுகாமல் வழுக்கக்கூடும். தவறு நேரும்போதும் தானே நின்றுவிடும் கருவிக்காகவே வடிவமைப்பாளர்கள் உழைக்கிறார்கள்.

நம் நாட்டில்

இதே உராய்வுத் தத்துவத்தை வேறு விதமாகக் கையாண்டவர் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசப். அவர் உருவாக்கிய தென்னை ஏறும் கருவியில் இரண்டு இரும்புச் சட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி ஒரு கம்பிவடம். காலை ஊன்றினால் வடம் மரத்தை இறுக்கும். காலைத் தூக்கினால் தளரும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய ‘தென்னை மர நண்பர்கள்’ பயிற்சியில் இக்கருவியைக் கொண்டு பெண்கள் உட்படப் பலர் ஏறக் கற்றார்கள். கருவி மரத்தைப் பிடித்தது. ஆனால் நிலைதடுமாறிப் பின்னால் சாயும் மனிதரைப் பிடிக்கவில்லை. அக்குறையை நீக்கக் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் தனிப் பாதுகாப்பு இணைப்பு ஒன்றை உருவாக்கியது.

காப்பீட்டின் எல்லை

அன்று அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் நாம் கடனோடு பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தையும் எடுத்துரைத்தோம். 18 முதல் 70 வயது வரையிலான சேமிப்புக் கணக்குதாரர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரலாம். விபத்தில் உயிரிழப்பு அல்லது முழு ஊனம் நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய். ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ நிரந்தரமாகச் செயலிழந்தால் 1 லட்சம் ரூபாய். ஜூன் 1 முதல் மே 31 வரை இக்காப்பு செல்லும்.

இதன் எல்லையையும் மறைக்காமல் சொன்னோம். விழுந்து எலும்பு முறிந்து, ஆறு மாதம் படுத்து, பின்னர் குணமாகி எழுபவருக்கு இத்திட்டத்தில் தொகை கிடைக்காது. மருத்துவச் செலவையும் இது ஏற்காது. தென்னை ஏறுவோர்க்கெனத் தென்னை வளர்ச்சி வாரியம் நடத்தும் ‘கேர சுரக்ஷா’ காப்பீட்டில் சிகிச்சைச் செலவுக்கும் இடமுண்டு. தந்தையை அதில் சேரச் சொன்னோம். மகனுக்குத் தனியே மருத்துவக் காப்பீடு எடுக்கும்படி அறிவுறுத்தினோம். எந்தக் காப்பீடும் விழுந்த பிறகே வரும். விழாமல் காப்பது கருவியும் கவனமும் மட்டுமே.

ஆகவே கயிற்றுத் தொழிலில் இருப்போர்க்கு நம் வேண்டுகோள் இது. ஒவ்வொரு நாளும் ஏறுமுன் கயிற்றை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கி, பிடிக்கிறதா, விடுகிறதா என்று இரண்டையும் சோதியுங்கள். கருவியைத் தயாரிப்பாளர் குறித்த தடிமனுள்ள கயிற்றில் மட்டுமே பயன்படுத்துங்கள். மே மாத இறுதியில் கணக்கில் 20 ரூபாய் இருக்கிறதா, வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து முதல் தவணை கட்ட மகன் வந்தார். உடன் வந்த தந்தையிடம் அந்தக் கேள்வியை நாமே நினைவூட்டினோம். “முதல் வாரம் முழுக்கக் கொல்லை மாமரத்தின் தாழ்ந்த கிளையில்தான் ஏறி இறங்கச் சொன்னேன் சார்,” என்றார். “நான் கீழே நின்று பார்த்தேன். மெதுவாகத்தான் விடுகிறது.”