நீர் ஏறுமுன்

மகாவலியை மறித்த விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய தெல்தெனிய நகரம் நீருள் அமிழ்ந்தது. அங்கு வாழ்ந்தோர் நீர் ஏறுமுன்பே தம் உடைமைகளோடு திகன முதலிய மேட்டு நிலங்களை அடைந்தனர். வலையமைப்பில் இணைந்த கணினியின் பணிசெயல் முறைமையைப் புதுப்பிப்போர் கைக்கொள்ள வேண்டிய நெறியும் இதுவே.

பழைய மென்பொருளை வைத்திருத்தல் ஆபத்து; காப்புப் பிரதியின்றி இருத்தல் அதனினும் ஆபத்து. 2023 ஆகஸ்ட் 26இல் இலங்கை அரசாங்க மின்னஞ்சற் சேவையைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கிற்று. அச்சேவை எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் மென்பொருளில் இயங்கியது. அதற்கு மைக்ரோசொப்ட் வழங்கிய ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிவுற்றிருந்தது. மே 17 முதல் அன்றுவரையான அஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இல்லை, அவை மீளவில்லை.

விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. ஆகவே புதுப்பித்தல் இன்றியமையாதது. அதனை எவ்வாறு செய்வது? முதலிற் கோப்புகளை வெளிவட்டிற் பிரதிசெய்து, அவை திறக்கின்றனவா எனப் பார்த்து, வட்டைக் கழற்றி வைத்தல் வேண்டும். இணைந்தே இருந்தால் தீநிரல் அதனையும் பற்றும். அடுத்து, கணினி புதிய முறைமையைத் தாங்குமா என அறிதல் வேண்டும். விண்டோஸ் 11க்கு 4 கிகாபைற் நினைவகமும், 64 கிகாபைற் சேமிப்பும், ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் தேவை. மென்பொருளை ஆக்கியோரிடமிருந்தே பெறுக. கணினிகள் பல இருப்பின் ஒன்றிற் சோதித்த பின்பே ஏனையவற்றைத் தொடுக. மின்வெட்டு நேரக்கூடிய வேளையில் தொடங்கற்க. புதிய முறைமையைத் தாங்காத கணினியை வலையமைப்பிலிருந்து பிரித்துவிடுக.

பாடசாலைக் கணினியிற் பல்லாண்டுப் பிள்ளைகளின் புள்ளிகள் உள்ளன. முறைமையை மீண்டும் நிறுவலாம். அழிந்த புள்ளிகளை மீண்டும் எழுத எவராலும் இயலாது.