பேட்டு யாருக்கு பாஸ்... உங்களுக்கா, உங்க ஹீரோவுக்கா?

சாயங்காலம் அஞ்சு மணி. சேலத்துல இருந்தும் கள்ளக்குறிச்சியில இருந்தும் வர்ற பஸ்ஸெல்லாம் சின்னசேலத்துல காலேஜ் பசங்களைக் கொட்டிட்டுப் போற நேரம். பேக்கை வீட்டுத் திண்ணையில வீசிட்டு, டீயைக் குடிச்சும் குடிக்காமலும் கிரவுண்டுக்கு ஓடுற கூட்டத்துல நீங்களும் ஒருத்தர்தானே? அப்போ உங்ககிட்டதான் பேசணும்.

இத்தனை நாள் ஃப்ரெண்டோட பேட்ல ஓசி ஆட்டம். இப்போ சொந்தமா ஒண்ணு வாங்கிடணும்னு முடிவு பண்ணியாச்சு. அப்பாவும் மரவள்ளிக் கிழங்கு வித்த காசுல ரெண்டாயிரமோ மூவாயிரமோ தர்றேன்னு தலையாட்டிட்டார். சந்தோஷம்! ஆனா அந்தப் பணம் ஒரு தடவைதான் வரும். 'இது எனக்கு செட் ஆகலப்பா, வேற வாங்கித் தாங்க'ன்னு அடுத்த மாசம் போய் நின்னா என்ன கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும். முதலமைச்சர் கோப்பைக்கு மாவட்டப் போட்டியில இறங்கணும், காலேஜ் டீம்ல இடம் பிடிக்கணும்னு ஆசை இருந்தா, தப்பான பேட்டோட ஒரு வருஷம் ஓட்டுறது ரொம்பப் பெரிய நஷ்டம்.

கடைக்குள்ள நுழைஞ்சதும் வர்ற முதல் கேள்வியே விவகாரமானது. "தம்பிக்கு எந்த பிளேயர் பிடிக்கும்?" நீங்க ஆக்செல்சன்னு சொல்லுவீங்க. அவரும் ஆஸ்ட்ராக்ஸ் 100 மாதிரி பெயின்ட் அடிச்ச ஏதோ ஒண்ணை எடுத்து நீட்டுவார். விக்டர் ஆக்செல்சன் 194 சென்டிமீட்டர் உயரம். ஒலிம்பிக்ல ரெண்டு தடவை சிங்கிள்ஸ் தங்கம் அடிச்ச தோள் அது. நம்ம தோள் நேத்து வரைக்கும் லேப் ரெக்கார்டு நோட்டைத்தான் தூக்கிட்டு இருந்துச்சு!

முதல்ல ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். நீங்க ஸ்கூல்ல ஆடினது ஷட்டிலா, பூப்பந்தா? நம்ம ஏரியா பசங்க பல பேர் பூப்பந்து டீம்ல இருந்து வந்தவங்க. மஞ்சக் கலர் கம்பளிப் பந்து, ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேர், திறந்த வெளி கிரவுண்டு... தஞ்சாவூர் அரண்மனையில ஆடின ஆட்டம்னு அதுக்கு ஒரு ராஜ பரம்பரைக் கதையே சொல்லுவாங்க. அந்தப் பந்து 27 கிராமுக்கு மேல. ஷட்டில் காக் அஞ்சு கிராம்தான், அதுல 16 இறகு! பூப்பந்து பேட்டும் ஷட்டில் பேட்டை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு எடை. அதனால பூப்பந்துல இருந்து வந்தவங்களுக்கு முழுக் கையையும் வீசி அடிக்கிற பழக்கம் ஊறிப்போயிருக்கும். ஷட்டில்ல பவர் வர்றது முழங்கைக்குக் கீழே இருக்கிற கை 'சரக்'னு திரும்புறதுல. இந்தக் கேஸ்ல நீங்க இருந்தா, கனமான பேட்தான் கைக்குப் பழக்கமா, சுகமா இருக்கும். ஆனா அதையே வாங்கினா பழைய வீச்சும் கூடவே ஒட்டிக்கிட்டு வரும். ஒரு சுற்று லைட்டாவே எடுங்க.

நீங்க எந்த டைப்?

பேட் பார்க்கிறதுக்கு முன்னாடி உங்களைப் பாருங்க. உங்க மேட்ச்சை ஃப்ரெண்டை விட்டு செல்லுல பத்து நிமிஷம் வீடியோ எடுக்கச் சொல்லுங்க. பாயின்ட் எப்படி எடுக்கிறீங்க, எப்படி விடுறீங்கன்னு கவனிச்சாலே போதும். பின்னாடி நின்னு எகிறி எகிறி அடிச்சுத்தான் பாதி பாயின்ட் வருதா? இல்ல, டபுள்ஸ்ல நெட்டுகிட்ட நின்னு வர்ற காக்கை மடக்கி மடக்கித் தள்றீங்களா? இல்ல, எதிராளி என்ன அடிச்சாலும் எடுத்து எடுத்து, அவரே வெறுத்துப்போய் வெளியே அடிக்கிற வரைக்கும் விடாக்கண்டனா நிக்கிற ஆளா?

மூணாவது டைப்பை யாரும் மதிக்க மாட்டாங்க. 'இவன் என்னடா உருட்டிக்கிட்டே இருக்கான்'னு கிண்டல்தான். கிண்டல் பண்றவங்ககிட்ட சங்கர் முத்துசாமி பேரைச் சொல்லுங்க. சென்னைப் பையன், இடது கை ஆட்டக்காரர். எடுத்து எடுத்து ரேலியை நீட்டியே ஆளைக் கவுக்கிறவர். 2022ல ஸ்பெயின்ல நடந்த உலக ஜூனியர் போட்டியில வெள்ளி ஜெயிச்சார். 2025 மார்ச்சுல ஸ்விஸ் ஓபன்ல, அப்போ உலக ரேங்க்ல ரெண்டாவது இடத்துல இருந்த டென்மார்க்கோட ஆன்டன்சனை மூணு கேம்ல வீட்டுக்கு அனுப்பிட்டார்!

அடிக்கிற ஆளுக்கு தலைப் பக்கம் கனமான பேட், அதாவது 'ஹெட் ஹெவி'. நெட்டுக்காரருக்கும் டிஃபென்ஸ் பார்ட்டிக்கும் சட்டுனு திரும்புற 'ஹெட் லைட்'. இன்னும் எதுன்னு தெரியலையா, நடுவுல இருக்கிற 'ஈவன் பேலன்ஸ்'. எல்லா இடத்துலயும் இந்தப் பாட்டைத்தான் பாடுவாங்க. பொதுவா இது சரிதான். யோனெக்ஸ்ல ஆஸ்ட்ராக்ஸ்னா தலை கனம், நானோஃப்ளேர்னா தலை லைட், ஆர்க்சேபர் நடுத்தரம். விக்டர்ல த்ரஸ்டர் அடிக்கிறதுக்கு, ஆராஸ்பீட் வேகத்துக்கு. லி நிங்ல ஆக்ஸ்ஃபோர்ஸ், பிளேட்எக்ஸ்னு அதே கதை வேற பேர்ல ஓடும்.

ஆனா ஒரு ட்விஸ்ட் இருக்கு. உலகத்துலயே வேகமான ஸ்மாஷ் நம்ம ஆளோடதுதான், தெரியும்ல? ஆந்திராவுல அமலாபுரத்துக்காரர் சாத்விக்சாய்ராஜ். 2023 ஏப்ரல்ல ஜப்பான்ல அடிச்சு, மணிக்கு 565 கிலோமீட்டர்னு கின்னஸ்ல ஏத்தினார். அதுக்கு முன்னாடி பத்து வருஷமா மலேசியாவோட டான் பூன் ஹியாங் 493ல உட்கார்ந்திருந்தார். சாத்விக் அன்னைக்குக் கையில பிடிச்சிருந்தது நானோஃப்ளேர் 1000. ஆமா... தலை லைட்டான பேட்!

எப்படி? காக் எவ்வளவு வேகமா போகும்கிறதுல பேட் தலையோட எடைக்குப் பங்கு இருக்கு. அதை விடப் பெரிய பங்கு, அந்தத் தலை எவ்வளவு வேகமா சுத்துதுங்கிறதுக்கு. தலை கனமா இருந்து உங்க கை அதைச் சுத்த லேட்டானா, எடை இருந்தும் பிரயோஜனம் இல்லை. கனமான சுத்தியலை மெதுவா இறக்குறதுக்கும் சின்ன சுத்தியலை விர்ருனு போடுறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். 'நான் ஸ்மாஷ் பார்ட்டி, அதனால ஹெட் ஹெவி'ன்னு கண்ணை மூடிட்டு வாங்காதீங்க. இருபது ஸ்மாஷ் தொடர்ந்து அடிச்சதுக்கு அப்புறமும் இருபத்தோராவதுல பேட் லேட்டா வரலைன்னா, அது உங்க பேட்.

ஒரு விரல் போதும்

பேலன்ஸ் பார்க்க கடைக்காரரை நம்ப வேண்டியதில்லை. பேட்டோட தண்டை ஆள்காட்டி விரல் மேல படுக்க வைங்க. எந்த இடத்துல ஆடாம நிக்குதோ, அங்கே இருந்து கைப்பிடி அடிக்கட்டை வரைக்கும் ஸ்கேல் வச்சு அளந்துடுங்க. சுமார் 28.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தா தலை லைட், 29.5க்கு மேல போனா தலை கனம்.

இன்னொரு ரகசியம். ஏற்கெனவே வாங்கின பேட் தலை கனமா இருந்து கை வலிக்குதா? விக்கிறதுக்கு முன்னாடி கைப்பிடி மேல ஒரு ஓவர்கிரிப் சுத்திப் பாருங்க. அஞ்சு கிராம்தான் கூடும். ஆனா அது அடியில கூடுறதால, பேலன்ஸ் பாயின்ட் ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் கை பக்கமா இறங்கிடும். ஹெட் ஹெவி பேட் ஏறக்குறைய நடுத்தரம் ஆயிடும். செலவு நூறு ரூபாய் ரேஞ்ச்!

எடையைப் பத்தி நாலு வார்த்தை. கைப்பிடிக்கு மேல இருக்கிற கூம்புல '4யூ', 'ஜி5'ன்னு குட்டியா எழுதியிருக்கும். 3யூன்னா 85 முதல் 89 கிராம். 4யூன்னா 80 முதல் 84. 5யூன்னா 75 முதல் 79. நம்பர் ஏற ஏற எடை குறையும். நமக்கு 4யூ போதும், டபுள்ஸ்தான் அதிகம்னா 5யூவும் ஓகே. 'ஜி' கைப்பிடியோட தடிமன். அதுலயும் நம்பர் ஏறினா மெலிசு. ஜி5 வாங்கி கிரிப் சுத்தி தடிமன் ஏத்திக்கலாம், இளைக்க வைக்க முடியாது.

தண்டு விறைப்பா, வளையுமாங்கறது அடுத்தது. விறைப்பான தண்டு வேகமான கைக்கு நல்லா கேட்கும். கை வேகம் இன்னும் வராதவங்க அதைப் பிடிச்சா, காக் பாதிக் கோர்ட்லயே விழும். வளையுற தண்டு கொஞ்சம் கூடவே தள்ளிவிடும். 'மீடியம்'னு போட்டிருக்கிறதைப் பாருங்க, வம்பே இல்லை.

தோழிகளுக்குத் தனியா ஒண்ணு. 'பொண்ணுங்களா? இந்தாங்க லைட் பேட்'னு பிங்க் கலர்ல ஒண்ணை நீட்டினா, அப்படியே திருப்பிக் கொடுங்க. 2019ல உலக சாம்பியன் ஆன சிந்து மேல இருந்து இறக்குற அடியைப் பார்த்தவங்க இப்படிப் பேச மாட்டாங்க. பேட்டுக்கு ஆண், பெண் கிடையாது. கை வேகம்தான் கணக்கு.

உடம்புன்னதும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி துளசிமதி ஞாபகம் வருது. இடது கையில பிறவியிலேயே பாதிப்பு. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ல வெள்ளி! அதே பிரிவுல மனிஷா ராமதாஸ் வெண்கலம், இன்னொரு பிரிவுல நித்யஸ்ரீ சிவன் வெண்கலம்னு மூணு தமிழ்ப் பொண்ணுங்க மெடலோட வந்தாங்க. பேட் பிடிக்காத கையும் எகிறும்போது உடம்பை பேலன்ஸ் பண்ற கைதான். அது ஒத்துழைக்காதப்போ ஆட்டத்தையே வேற மாதிரி கட்டணும். ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு ஆட்டம், அந்த ஆட்டத்துக்கு ஒரு பேட். அடுத்தவங்க பேட்டைக் காப்பி அடிக்க முடியாதது அதனாலதான்.

கட்டிங்... அந்த கட்டிங் இல்லீங்க!

இப்போ முக்கியமான மேட்டர். காக் படுறது ஃப்ரேம்ல இல்ல, நரம்புல. ஆனா மூவாயிரத்துக்கு பேட் வாங்கிட்டு, கம்பெனி போட்டுக் கொடுத்த நரம்போட வருஷக் கணக்கா ஆடுறவங்கதான் நம்ம ஊர்ல அதிகம். நல்ல நரம்பு போட்டு, சரியான இழுவையில கட்டிங் பண்ணின சுமாரான பேட், தொளதொளத்த நரம்போட இருக்கிற காஸ்ட்லி பேட்டைத் தூக்கிச் சாப்பிட்டுடும்.

இழுவையை பவுண்டு கணக்குல சொல்லுவாங்க. பெரிய பிளேயர்ஸ் 28, 30ன்னு இழுத்துக் கட்டுவாங்க. அதைக் கேட்டுட்டு 'எனக்கும் 28 போடுண்ணே'ன்னு சொல்றது வினையை விலைக்கு வாங்குறது. இழுவை குறைவா இருந்தா நரம்பு ட்ராம்போலின் மாதிரி காக்கை வாங்கித் தள்ளும், பவர் அதுவே கொடுக்கும். இழுவை ஏற ஏற அந்த உதவி குறையும், கன்ட்ரோல் கூடும். ஆனா காக் நட்ட நடுவுல பட்டாத்தான் போகும். நடுவுல படாதப்போ அந்த அதிர்வு எங்கே போகும்? நேரா உங்க முழங்கைக்கு. விறைப்புத் தண்டு, கனத்த தலை, 28 பவுண்டு... மூணும் சேர்ந்துச்சுன்னா தண்ணி சொம்பு தூக்கக்கூட கை வலிக்கிற நிலைமை வரும். அப்புறம் செலக்‌ஷன் அன்னைக்கு கேலரியில உட்கார்ந்து கை தட்ட வேண்டியதுதான், அதுவும் ஒரு கையால! 22, 23ல ஆரம்பிங்க. காக் தொடர்ந்து நடுவுல பட ஆரம்பிச்சா ஒவ்வொரு பவுண்டா ஏத்துங்க.

சேலம் போனாலும் கள்ளக்குறிச்சியிலயே போட்டாலும், கையால இழுக்கிறவரை விட்டுட்டு மெஷின்ல இழுக்கிற கடையாப் பாருங்க. பக்கத்துல நின்னு பவுண்டு நம்பரை உங்க கண்ணால பாருங்க. ஆளு கோவிச்சுக்க மாட்டார்.

நம்ம கிரவுண்டோட குணத்தையும் சேர்த்துக்கணும். இன்டோர் கோர்ட் கிடைச்சா பாக்கியம். பாதிப் பேருக்கு சிமென்ட் தரையும் மலைக் காத்தும்தான் கதி. காத்துக்கு எந்த பேட்டும் பதில் சொல்லாது. உலக பேட்மிண்டன் சம்மேளனமே காத்தைச் சமாளிக்க 2019ல 'ஏர் பேட்மிண்டன்'னு தனி ஆட்டமும் தனி காக்கும் கொண்டு வந்தது. வெளியில ஆடும்போது நைலான் காக் வாங்குங்க, அதோட மூடியில இருக்கிற கலர் பட்டையைப் பாருங்க. பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். வெயில் காலத்துல காத்து லேசாகி காக் தூரமா பறக்கும், அதனால நம்ம ஊருக்குப் பச்சைதான் பொருத்தம். பல பேர் கடையில இருக்கிற ஏதோ ஒரு கலரை வாங்கிட்டு, 'பேட் சரியில்லை, எல்லாம் அவுட் போகுது'ன்னு பேட்டைத் திட்டுவாங்க. பாவம் அது!

பட்ஜெட் மூவாயிரம்னு வச்சுக்குங்க. முழுசையும் பேட்ல கொட்டாதீங்க. ரெண்டாயிரத்துக்குள்ள கிராஃபைட் பேட் ஒண்ணு பார்த்துட்டு, மிச்சத்தை நல்ல நரம்பு, கட்டிங், ஓவர்கிரிப்னு பிரிங்க. ஃப்ரேமும் தண்டும் சேர்ற இடத்துல 'டி' மாதிரி ஜாயின்ட் தனியாத் தெரியுற இரும்பு பேட் வேண்டவே வேண்டாம், அது மொட்டை மாடிக்கு. ஆயிரக்கணக்குல விலை போற மாடலை நடைபாதையில அறுநூறுக்குக் கொடுத்தா, ஏன்னு நான் சொல்லணுமா?

வாங்குறதுக்கு முன்னாடி டீம்ல மூணு பேர்கிட்ட மூணு விதமான பேட் வாங்கி, ஆளுக்கு ஒரு சாயங்காலம் முழுசா ஆடிப் பாருங்க. முதல் பத்து நிமிஷத்துல எல்லா பேட்டும் சூப்பராத்தான் இருக்கும். மூணாவது கேம்ல கை சொல்றதைக் கேளுங்க.

வாங்கினதுக்கு அப்புறம் பைக் டேங்க் மேல, பஸ் ஜன்னல் ஓரம் வெயில் படற இடத்துல வைக்காதீங்க, நரம்பு தளர்ந்துடும். ஆடிட்டு இருக்கும்போது ஒரு நரம்பு அறுந்துட்டா, 'நாளைக்குப் பார்த்துக்கலாம்'னு உறையில போட்டுடாதீங்க. மிச்ச நரம்பு ஒரு பக்கமா இழுத்து ஃப்ரேமைக் கோணலாக்கிடும். அங்கேயே ஒரு கத்தரிக்கோல் வாங்கி, நடுவுல ஆரம்பிச்சு நெடுக்கும் குறுக்கும் மாத்தி மாத்தி வெட்டி விட்டுடுங்க. அதுக்கு அப்புறம் டீக்கடைக்குப் போகலாம்.