அறுந்த நாரும் மீண்ட வீச்சும்

அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் பேஸ்போல் ஆட்டத்திலே பந்து வீசுவோனுக்கு உள்ள இடம் தனியானது. ஓர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அணியின் கணக்கில் மட்டுமன்றி, அவனுடைய பெயரிலும் பதியப்படுகின்றன. கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து வீசுவோன் ஓடிவந்து வீசுகின்றான். முழங்கையை மடக்கி நிமிர்த்து எறிவது அங்கே விதிக்கு மாறானது. பேஸ்போல் வீச்சாளனுக்கோ ஓட்டத்தின் துணை இல்லை. சிறியதொரு மேட்டில் நின்றபடியே கையைப் பின்னோக்கி வளைத்து, கவண் கல்லை விடுவதுபோல், 60 அடி 6 அங்குலத் தொலைவுக்கு அவன் பந்தை எறிகின்றான். பந்தின் நிறை ஐந்து அவுன்சுக்குச் சற்று அதிகம். இத்துணைச் சிறிய பொருளை எறிவதால் ஒரு வலிய மனிதனுடைய கை கெட்டுப்போவது எங்ஙனம் என்று வியப்போர் உளர்.

கெடுவது பந்தின் பாரத்தாலன்று, கையின் வேகத்தால். வீசும் கணத்தில் மேற்கை தோளிலே திரும்பும் வேகம் செக்கனுக்கு 7,000 பாகையளவு என அளந்திருக்கின்றனர். அவ்வேகத்தில் ஒரு சக்கரம் தொடர்ந்து சுழலுமாயின் ஒரு செக்கனில் ஏறத்தாழ 19 முறை சுற்றிவிடும். தோள் முன்னே பாயும்போது முன்கை பின்னே தங்கிவிடுகின்றது. அதனால் முழங்கையின் உட்புறம் பிளந்து விரிய முற்படுகின்றது. அவ்வாறு விரியவிடாது மேற்கையென்பையும் முன்கையென்பையும் இறுகப் பிணைத்து நிற்பது உட்புறத்திலுள்ள சிறியதொரு பிணைநார். இறந்தோர் கைகளில் நடத்திய சோதனைகளிலே, ஒரு முழு வேக வீச்சு விளைக்கும் முறுக்கத்தின் பாதியளவுக்கே இந்நார் தனித்துத் தாங்கும் எனக் கண்டனர். மிகுதியை முன்கைத் தசைகள் ஏற்றுக்கொள்கின்றன. தசைகள் களைத்துவிட்டால் அப்பாரமும் நாரின்மேல் விழும். ஆயிரக்கணக்கான வீச்சுக்களால் இழை இழையாக நைந்துபோன நார் ஒருநாள் அறுகின்றது.

1974 ஆம் ஆண்டு யூலை மாதம் 17 ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் டொட்ஜர்ஸ் அணியின் டொமி ஜோன் என்னும் இடக்கை வீச்சாளருக்கு நேர்ந்தது இதுவே. இந்தியானா மாநிலத்தில் பிறந்த அவருக்கு அப்போது வயது 31. அவ்வாண்டில் அதுவரை 13 ஆட்டங்களில் வென்று மூன்றிலேயே தோற்றிருந்தார். மொன்றியல் அணிக்கெதிரான அன்றைய ஆட்டத்தில் ஒரு பந்தை வீசியதும் முழங்கையில் இனந்தெரியாத உணர்ச்சி ஒன்று தோன்றிற்று. இன்னுமொரு பந்தை வீசிப் பார்த்தார். பின்னர் தாமாகவே களத்தை விட்டு நடந்து வெளியேறினார்.

அந்நாளில் இதற்கு மருந்து ஓய்வொன்றே. ஓய்வினால் அறுந்த நார் மீண்டும் கூடுவதில்லையாதலின், பல வீச்சாளருக்கு அது ஆட்டத்தின் முடிவாயிற்று. அணியின் வைத்தியரான பிராங்க் ஜோப், இளம்பிள்ளை வாதத்தால் தளர்ந்த அவயவங்களுக்கும் ஊனமுற்ற கைகளுக்கும் சத்திரவைத்தியர் தசைநாண்களை இடமாற்றி வைப்பதை அறிந்தவர். அம்முறையை முழங்கைக்கும் கையாளலாம் என அவர் எண்ணினார். வெற்றிக்கு இடம் நூற்றில் ஒன்று என்றும் மறைக்காது கூறினார். ஜோன் இசைந்தார்.

பெருவிரலையும் சிறுவிரலையும் தொடச் செய்து, மணிக்கட்டைச் சற்றே உள்வளைத்துப் பார்த்தால் நடுவே ஒரு நாண் புடைத்து எழும். பலருக்கு இது உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே இல்லை. இல்லாதோரும் யாதொரு குறையுமின்றி வாழ்கின்றனர். இயற்கை வைத்திருக்கும் உபரிக் கயிறு என்றே இதனைச் சொல்லலாம். 1974 செத்தெம்பர் 25 ஆம் திகதி ஜோப் இந்நாணை ஜோனுடைய வலக்கையிலிருந்து எடுத்தார். இட முழங்கையின் என்புகளில் துளைகளிட்டு, நாணை அவற்றினூடே கோத்துக் கட்டினார்.

கட்டியது ஒரு நாளில் முடிந்தது. கட்டப்பட்டது நாராக மாறுவதற்கு ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் வேண்டும். பழைய இடத்திலிருந்து எடுக்கப்பட்ட நாணுக்கு இரத்த ஓட்டம் இல்லை. அதன் உயிரணுக்கள் மடிகின்றன. அயலிலிருந்து புதிய இரத்தக் குழாய்களும் புதிய அணுக்களும் உட்புகுந்து, அதனை மெல்ல மெல்லப் பிணைநாராக்குகின்றன. இடைப்பட்ட மாதங்களில் அது முன்னிருந்ததிலும் மெலிந்தது. நோயாளிக்கோ அப்போது வலி நீங்கியிருக்கும். கை குணமாகிவிட்டது என்றே அவன் நம்புவான். ஆத்திரப்பட்டு முழு வேகத்தில் வீசுவோன் கெட்டுப்போவது அப்பருவத்திலேதான்.

ஜோனுக்கு வேறொரு துன்பமும் வந்து சேர்ந்தது. முழங்கையின் உட்புறத்தே, அந்நாரை ஒட்டியே, சிறுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு செல்கின்றது. முழங்கையை இடித்துக்கொண்டால் விரல்வரை மின்னல் பாய்வது இந்நரம்பினாலேயே. அது பழுதுற, ஜோனுடைய இடக்கை பறவையின் நகம்போல் வளைந்து, விரல்கள் மரத்துப்போயின. டிசம்பரில் இரண்டாம் முறையாகச் சத்திர சிகிச்சை செய்து நரம்பை வேறு வழியில் அமைத்தனர். சிதைந்த நரம்பு மீண்டும் வளர்வது மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை உள்ள தூரத்தைக் கணக்கிட்டால், அவருடைய காத்திருப்பின் அளவு விளங்கும். வீச்சாளனுக்கு விரலுணர்ச்சியே பந்தை ஆளும் கருவி. 1975 ஆம் ஆண்டு முழுவதும் அவர் ஓர் ஆட்டத்திலேனும் பங்குகொள்ளவில்லை.

ஆயினும் அவ்வாண்டு வீணாகக் கழியவில்லை. முதலில் கையை மடக்கவும் நீட்டவும் பழகினார். அதன்பின் மெதுவாக எறிந்தார். பின்னரே மேட்டில் ஏறினார். உடலியக்க நூல் கற்ற சக வீச்சாளரான மைக் மார்ஷல், உடலைத் திருப்பாது நேரே முன்சென்று வீசும் முறையை அவருக்குக் கற்பித்தார். ஜோனுடைய திறமையும் அவருக்குத் துணைநின்றது. அவர் வேகத்தை நம்பியவரல்லர். துடுப்பை அணுகும்போது தாழ்ந்து இறங்கும் பந்தே அவருடைய படை. முழங்கை நோயால் 30 வயதிலேயே ஆட்டத்தை விட்ட பெருவீச்சாளர் சான்டி கூபாக்சின் வேகத்தைத் தமக்கு வைத்துத் தைக்கும்படி வைத்தியரைக் கேட்டதாகவும், வைத்தியர் கூபாக்சின் மனைவியுடைய வேகத்தை வைத்துத் தைத்துவிட்டதாகவும் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1976 ஏப்ரில் 16 ஆம் திகதி அற்லாண்டா அணிக்கெதிராக மீண்டும் மேடேறினார். அவ்வாட்டத்தில் அவருக்குக் கிடைத்தது தோல்வியே. அவ்வாண்டின் முடிவில் பத்து வெற்றி, பத்துத் தோல்வி. நடுத்தரமான கணக்கென்று ஏடு சொல்லும். ஆனால் 31 ஆட்டங்களைத் தொடங்கி 207 இன்னிங்ஸ் வீசிய கை அது. அடுத்த ஆண்டில் 20 வெற்றிகள். நியூ யோர்க் யாங்கீஸ் அணியில் 1979 இல் 21, 1980 இல் 22. 1989 இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 46. அவருடைய 288 வெற்றிகளுள் 124 சத்திர சிகிச்சைக்கு முற்பட்டவை, 164 பிற்பட்டவை.

இக்கணக்கே ஒரு தவறான எண்ணத்துக்கும் வித்தாயிற்று. டொமி ஜோன் சத்திர சிகிச்சை என்றே இன்று பெயர்பெற்ற இம்முறை, கையை முன்னிலும் வலிதாக்கும் என நம்பும் இளைஞரும் பெற்றோரும் உளர். நோயற்ற கைக்கே அதனைச் செய்விக்க விரும்புவோரும் உண்டாம். புதிய நார் இழந்த இடத்தை நிரப்புமேயன்றி வேகத்தைக் கூட்டுவதில்லை. ஓராண்டுக்கு மேலாகத் தோளையும் காலையும் முதுகையும் ஒழுங்காகப் பயிற்றியதன் பயனைக் கத்திக்கு உரியதாக்குவது எவ்வாறு பொருந்தும்? சிகிச்சை பெற்றோருள் ஐந்தில் நால்வரளவில் ஆட்டத்துக்கு மீள்கின்றனர். அதற்கு 12 முதல் 18 மாதங்கள் செல்லும். ஏனையோரைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

ஜோப் தம் முறையைப் பேஸ்போல் அருங்காட்சியகம் 2013 இல் பாராட்டியதைக் கண்டு, மறுவருடம் காலமானார். அம்முறைக்கு இரண்டாவதாகக் கை நீட்டியவர் பிரென்ற் ஸ்ட்ரோம் என்னும் வீச்சாளர். 1978 இல் ஜோப் அவருக்கும் நாரை வைத்துக் கட்டினார். அதன்பின் அவர் முதன்மைக் கழக ஆட்டத்தில் ஒரு பந்தேனும் வீசவில்லை. வீச்சாளரைப் பயிற்றுவிக்கும் தொழிலை மேற்கொண்ட அவர், 2017 இல் வாகைசூடிய ஹூஸ்ரன் அணியின் வீச்சுப் பயிற்றுநராக இருந்தார்.