விரல்களைத் தின்றது யார்?

கோயில் வாசலிலே பார்க்கிறோம், சந்தைக்குப் போகும் வழியிலே பார்க்கிறோம், விரலற்ற கை ஒன்று நம்முன் நீள்கிறது. காசு போடுகிறவர் அந்தக் கையைப் பார்ப்பதில்லை; கைக்கு உரியவரின் முகத்தையும் பார்ப்பதில்லை. காசை எறிந்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, "எந்த ஜென்மத்திலே செய்த பாபமோ!" என்று பெருமூச்சு விடுகிறார். காசும் கொடுத்தாயிற்று, தீர்ப்பும் சொல்லியாயிற்று!

நாம் கேட்கிறோம்: பாபம் விரலைத் தின்னுமா? தின்னும் என்றால், ஊரை அடித்து உலையில் போட்டவனுடைய விரல்களிலே மோதிரம் மின்னுவானேன்? நாற்று நட்டவள், கல் உடைத்தவன், கரும்பு வெட்டியவன் — இவர்களுடைய விரல்கள்தானா பாபத்தின் பசிக்குக் கிடைத்தன?

பெருநோய் என்றார்கள், குஷ்டம் என்றார்கள், தொழுநோய் என்கிறோம். பெயர் மாறியது, பழி மாறவில்லை. மேடையிலும் வெண்திரையிலும்கூட, ஒழுக்கம் கெட்டவனுக்குக் கிடைத்த தண்டனையாகவே இந்நோயைக் காட்டினார்கள். கைதட்டிப் பார்த்தோம். நோயாளியின் வீட்டிலே அன்றிரவு என்ன நடந்திருக்கும் என்று எண்ணினோமா?

1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் பெர்கன் நகரத்திலே, ஆர்மவர் ஹான்சன் என்ற மருத்துவர், நோயாளிகளின் உடலிலிருந்து எடுத்த தசையிலே கோல் போன்ற நுண்கிருமியைக் கண்டார். இந்த நோய் தெய்வத்தின் சாபமல்ல, ஒரு கிருமியின் வேலை என்று எடுத்துக் காட்டினார். பாபம் என்ற வாதம் அன்றே தோற்றுவிட்டது. ஆனால் தோற்ற வாதம் வேறு வேடம் பூண்டு வந்தது. "பாபம் தின்னவில்லை, சரி. கிருமி தின்கிறது. கை அழுகுகிறது, விரல் உதிர்கிறது, அதைத் தடுக்க யாராலும் ஆகாது" என்றார்கள். படித்தவர்களே சொன்னார்கள்; மருத்துவர்களும் நம்பினார்கள்.

அதுவும் பொய் என்று காட்டிய ஆராய்ச்சி எங்கே நடந்தது தெரியுமா, தோழர்களே? லண்டனிலே அல்ல, நியூயார்க்கிலே அல்ல. நம்முடைய வேலூரிலே!

வேலூரில் நடந்த விசாரணை

பால் பிராண்டு என்பவர் ஆங்கிலேயப் பெற்றோருக்கு, 1914ஆம் ஆண்டில், நம் கொல்லிமலையிலே பிறந்தவர். லண்டனிலே அறுவை மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு, செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே தலைமை வகித்தவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் மருத்துவத்திலே பெயர் பெற்றவர். வரிசை வரிசையாக மடங்கிய கைகள், குறைந்த விரல்கள். எலும்பையும் தசைநாரையும் பற்றிப் படித்த பிராண்டு, "இது ஏன் இப்படி ஆகிறது?" என்று கேட்டார். பதில் இல்லை. உலகம் முழுவதும் இத்தனை இலட்சம் பேருடைய கைகள் முடங்கிக் கிடக்க, அந்தக் கைகளை ஆராய எலும்பு மருத்துவர்கள் முன்வரவில்லை. ஏழையின் கைதானே!

பிராண்டு ஒரு நோயாளியின் மடங்கிய கையிலே தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். அவன் அழுத்தினான். மருத்துவர் வலியால் துடித்துப் போனார். அவ்வளவு வலிமை! ஆனால் தன் பிடி எவ்வளவு கடுமையானது என்பது அவனுக்கே தெரியவில்லை. கை செத்துவிட்டது என்றார்களே. இதுவா செத்த கை? அந்தப் பிடியிலேதான் விசாரணை தொடங்கிற்று.

ஒரு நரம்பை நமக்கெல்லாம் தெரியும். முழங்கையை எங்கேனும் இடித்துக் கொண்டால், சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்கிறதே, அந்த நரம்புதான். தோலுக்கு மிக அருகே ஓடுகிறது. உடம்பிலே குளிர்ச்சியான இடங்களைத்தான் தொழுநோய்க் கிருமி விரும்புகிறது; முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால், முகம் ஆகிய இடங்களிலே தோலை ஒட்டி ஓடும் நரம்புகளில் குடிபுகுகிறது. நரம்பு வீங்குகிறது, நசுங்குகிறது. உடனே இரண்டு கேடு. அந்த நரம்பின் ஆணைக்குக் கட்டுப்பட்ட சிறு தசைகள் சோர்ந்து, விரல்கள் கொக்கிபோல் மடங்குகின்றன. அந்த நரம்பு கொண்டுவந்த செய்தியும் நின்று போகிறது. சூடு தெரியாது, கூர்மை தெரியாது, வலி தெரியாது.

விரல் எப்படிப் போகிறது என்பதைக் காட்டியது ஒரு துருப்பிடித்த பூட்டு. சாவி திரும்பவில்லை; பிராண்டு முயன்றும் முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்தான், திருகினான், திறந்துவிட்டான்! சிறுவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பலம் என்று வியந்து அவன் கையைப் பார்த்தால், சாவி விரலை எலும்பு தெரியக் கிழித்திருக்கிறது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. நமக்கு 'போதும், விடு' என்று சொல்ல வலி இருக்கிறது. அவனுக்குச் சொல்வார் இல்லை.

அன்று முதல் மருத்துவர்கள் துப்பறிவோரானார்கள். ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். அடுப்பிலிருந்து பானையை வெறுங்கையால் இறக்கியவர், மண்வெட்டிப் பிடியிலே துருத்திய ஆணியோடு நாளெல்லாம் வேலை செய்தவர், பீடி விரலைச் சுட்டதை அறியாதவர் என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. இரவில் படுத்தவர் காலையில் எழும்போது விரல் நுனி காணவில்லை என்றார்களே, அதற்கு? விழித்திருந்து காவல் காத்தார்கள். எலி! உறங்குகிறவர் விரலை எலி கடித்துத் தின்கிறது. வலி இல்லாததால் அவர் விழிக்கவில்லை. கூரை வீட்டிலே, தரையிலே படுக்கிறவனுக்குத்தான் இந்த விபத்து, மெத்தையிலே படுக்கிறவனுக்கல்ல. பூனை வளர்ப்பதும் அன்று முதல் சிகிச்சையிலே ஒரு பகுதியாயிற்று.

ஆக, தோழர்களே, விரல்கள் உதிரவில்லை; காயப்பட்டுத் தேய்ந்தன. காயத்தைப் பேணினால், மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே அவர்களுக்கும் ஆறுகிறது. ஊனம் என்பது நோயின் விதி அல்ல. கவனிக்கப்படாத காயங்களின் கூட்டுத்தொகை!

நிமிர்ந்த கையும் நிமிராத மனமும்

முடங்கிய விரல்களுக்கும் வழி கண்டார்கள். முன்கையிலே நோய் தொடாத நல்ல தசைகள் உண்டு. அவற்றில் ஒன்றின் தசைநாரைப் பிரித்து, விரல்களோடு இணைத்து, பழைய வேலையை விட்டுப் புது வேலை செய்யக் கற்பித்தார்கள். 1940களின் இறுதியிலே வேலூரில் தொடங்கிய இந்த அறுவை சிகிச்சையால், கொக்கியாய் இருந்த கை விரிந்தது. சோற்றைப் பிசைந்தது, பொத்தானைப் போட்டது, பேனாவைப் பிடித்தது.

வெற்றிதானே? கையைத் திருத்திக்கொண்டு ஊருக்குப் போனவர்களிலே சிலர் வாட்டத்தோடு திரும்பி வந்தார்கள். கை நிமிர்ந்துவிட்டதால் பிச்சை போடுவார் இல்லை; தழும்பு தெரிவதால் வேலை கொடுப்பாரும் இல்லை! முடமாய் இருந்தபோது பிச்சையாவது கிடைத்தது. நலமான பிறகு பட்டினி. எண்ணிப் பாருங்கள். கத்தி கையைத் திருத்திவிட்டது. சமுதாயத்தைத் திருத்த எந்தக் கத்தி இருக்கிறது?

அதற்கும் அங்கே ஒரு முயற்சி நடந்தது. 1951இல் வேலூரிலே நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. தச்சு வேலை கற்பித்தார்கள், பொம்மை செய்யக் கற்பித்தார்கள். அந்தப் பட்டறையே ஆராய்ச்சிக் கூடமாயிற்று. எந்தச் சுத்தியல் பிடி கையை உரசுகிறது, எந்த வேலை கொப்புளம் தருகிறது என்று நாள்தோறும் கைகளைச் சோதித்தார்கள். கருவிகளின் பிடிகளை மாற்றி அமைத்தார்கள். மனிதனுக்கு ஏற்பக் கருவி மாறலாம் என்பதை, ஆலை முதலாளிகளுக்கு முன்னே அந்தப் பட்டறை கண்டுகொண்டது!

பாதத்திலே புண் ஆறாமல் போனதற்கும் காரணம் அதுவேதான். வலி இல்லாததால் புண்ணின் மேலேயே நடக்கிறார்கள். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைக் குறைத்தபோது ஆறாத புண் ஆறியது. பிறகு மென்மையும் உறுதியும் கொண்ட ஒருவகை ரப்பரிலே செருப்புச் செய்தார்கள். ஒரு ஜோடி நல்ல செருப்பு, ஒரு காலை வெட்டாமல் காக்கிறது. 1955இல் வேலூரை அடுத்த காரிகிரியிலே தனி ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. இந்த அறிவு அங்கிருந்து பல நாடுகளுக்கும் பரவியது.

அந்த வேலூரிலேதான் மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் மருத்துவரும் பணியாற்றினார். 1954இல் நேர்ந்த கார் விபத்திலே தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. 'விதி முடிந்தது' என்றா மூலையிலே உட்கார்ந்தார்? சக்கர நாற்காலியிலே அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்! பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1960களிலே வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை வளர்த்தார். மரத்திலிருந்து விழுந்தவர்களும், சாரத்திலிருந்து சரிந்தவர்களும், கிணறு வெட்டும்போது அடிபட்டவர்களும் வந்து சேரத் தகுந்த இடம் அது. நடக்க முடியாதவர், மற்றவர் நிமிர வழி செய்தார். 1972இல் பத்மஸ்ரீ பட்டம் அவரைத் தேடி வந்தது.

மருந்து இருக்கிறது, தாமதம் யார் குற்றம்?

கிருமியை வெல்லும் மருந்தும் வந்தது. 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையிலே சல்போன் மருந்து பலன் தந்தது. அந்த இனத்தைச் சேர்ந்த டாப்சோன் மாத்திரை விரைவிலே உலகெங்கும் பரவியது. கிருமி விடவில்லை, ஒற்றை மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டது. 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தார்கள். நோயின் வகைக்கு ஏற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் நோய் குணமாகிறது. 1995 முதல் இந்த மருந்து உலகம் முழுவதும் விலையில்லாமல் கிடைக்கிறது. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே, நோயாளி பிறருக்குத் தொற்ற வைப்பதும் நின்றுவிடுகிறது. மக்களிலே மிகப் பெரும்பாலோருக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே இருக்கிறது. அப்படியிருக்க, தொட்டால் ஒட்டும் என்ற பயம் எதற்கு?

10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே நோய் குறைந்துவிட்டது என்று 2005ஆம் ஆண்டின் இறுதியிலே இந்தியா அறிவித்தது. குறைந்தது உண்மை; ஒழிந்ததா? 2023ஆம் ஆண்டிலே மட்டும் இந்தியாவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். மருந்து கிருமியைக் கொல்லும். செத்த நரம்பை உயிர்ப்பிக்காது. நரம்பு சாவதற்கு முன்னே வந்தவர் முழு மனிதராய்த் திரும்புகிறார். காலங்கடந்து வந்தவர் நோய் நீங்கியும் ஊனத்தோடு வாழ்கிறார். இடையே கழிந்த அந்த மாதங்களிலே அவரை வீட்டுக்குள்ளே பூட்டி வைத்தது எது? வெட்கம். வெட்கத்தைக் கற்பித்தது யார்? நாம்தான்!

சட்டமும் இந்த வெட்கத்துக்குத் துணை நின்றது. ஏழைத் தொழுநோயாளிகளை ஒதுக்கி அடைத்து வைக்க வெள்ளையர் 1898இல் செய்த சட்டம், சுதந்திரம் வந்து 69 ஆண்டு கழித்து, 2016இல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் மணமுறிவு கோரலாம் என்ற விதி 2019இல்தான் போயிற்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தொழுநோயிலிருந்து குணமானவர்களையும் உரிமை உடையோராக ஏற்றிருக்கிறது. ஏட்டிலே ஏறிய உரிமை, ஆலை வாசலிலே ஏறியதா என்பதைக் கவனிக்க வேண்டியவர்கள் நாம்.

நமக்கென்ன என்று எண்ணவும் வேண்டாம். நீரிழிவு நோயாளிக்கும் பாதம் மரத்துப் போகிறது. அவருக்கும் ஆணி குத்துவது தெரிவதில்லை. 1966இல் கார்வில் சென்ற பிராண்டு, தொழுநோயாளியின் காலிலே கற்ற பாடத்தை நீரிழிவுக்காரரின் காலுக்கும் பயன்படுத்திக் காட்டினார். நாள்தோறும் இரவிலே பாதத்தைப் பார், வெறுங்காலோடு நடக்காதே, அளவான செருப்பை அணி என்பதே அந்தப் பாடம். பிச்சைக்காரன் என்று நாம் ஒதுக்கியவனுடைய பாதம், இன்று நம் வீட்டுப் பெரியவர்களின் காலைக் காக்கிறது. யார் யாருக்குக் கடன்பட்டவர்?

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பக்கத்திலே வேலை செய்யும் தோழர் மேனியிலே வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அங்கே தொட்டால் உணர்வில்லை என்றால், மறைக்க விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சை பெறுகிறவரை வேலையை விட்டு நிறுத்தினால், அது தனி ஒருவரின் துயரம் அல்ல, சங்கத்தின் பிரச்சினை என்று எழுங்கள். குணமானவர் திரும்பி வந்தால், அவர் கைக்கு ஏற்ற கருவியைக் கேட்டுப் பெறுங்கள். அவரோடு ஒரே பந்தியிலே உட்கார்ந்து உண்ணுங்கள்.

விரல்களைத் தின்றது பாபம் அல்ல. கிருமி மட்டுமே தின்றதும் அல்ல. வலி தெரியாமை தின்றது. நோயாளியின் நரம்பிலே வலி செத்தது கிருமியால். அவரைக் கண்டும் வலிக்காத நம் நெஞ்சுக்கு எந்தக் கிருமி காரணம்? முன்னதற்கு வேலூரிலே விடை கண்டார்கள். பின்னதற்கு விடை காண வேண்டியவர்கள் நாமே!