ஒரு ஊருக்கு நாலு பேரு!

“சத்தம் போடாம வந்து உட்காருங்கண்ணா, மீட்டிங் ஓடிட்டிருக்கு!”

பூதிகோட்டை. ஹைதர் அலி பிறந்த ஊர். ஜன்னலுக்கு வெளியே கோட்டைக் குன்று, உள்ளே ஒரு லேப்டாப். பெங்களூரு கம்பெனி ஒன்றில் டேட்டா அனலிஸ்ட் இந்தப் பெண். பாதி வாரம் ரயில், பாதி வாரம் வீடு. புள்ளியியல் படித்தால் கை நிறையச் சம்பளம் என்கிறார்களே, அந்த வேலை நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கப் போகிறேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை!

திரையில் வாடிக்கையாளர் பட்டியல். ஊர்ப் பெயர் இருக்கும் கட்டத்தில் பங்காருபேட்டை, பங்காரபேட், பங்கார்பேட், அதோடு பழைய பெயரான பௌரிங்பேட்டை! கம்ப்யூட்டருக்கு இவை நாலு ஊர். “ரயில்வே கோடு இன்னமும் பி.டபிள்யூ.டி.தாண்ணா, பௌரிங்பேட்டைக்கு வச்சது” என்று சிரித்தபடியே நாலையும் ஒன்றாக்கினார். காலை முழுக்க இதே வேலைதான். கடைசியில் கணக்கு ஓடி முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை! ஊர் தெரிந்தவருக்குத்தான் இந்தப் பிழை கண்ணில் படும் என்பதில் எனக்கு அத்தனை பெருமை.

அவர் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பிள் எடுத்தவராம். பாறையில் அளந்து அளந்து இடம் குறித்து, சில்லு பெயர்த்து, பையில் போட்டு, சோதனைக்கு அனுப்புகிற வேலை. கையளவு சில்லை வைத்துப் பாறை முழுவதிலும் தங்கம் எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும். இது புள்ளியியல் இல்லாமல் வேறென்ன? தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் டேனி கிரிகே என்ற பொறியாளர் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார். சாம்பிளில் அமோகமாகத் தெரிந்த பாறை, வெட்டினால் அவ்வளவு தருவதில்லை. அந்தச் சாய்வைக் கணக்கால் திருத்த 1951-இல் அவர் வழி சொன்னார். அதிலிருந்து வளர்ந்த முறைக்கு இன்று ‘கிரிகிங்’ என்றே பெயர்!

தங்கவயல் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அதன்பின் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பெங்களூரு ரயிலே பிழைப்பு என்றானது.

சரி, சம்பளம்? எக்செல் மட்டும் தெரிந்தவர்கள் ஏராளம், அதனால் அங்கே போட்டியும் அதிகம். எஸ்.க்யூ.எல்., ஆர், பைத்தான் சேரச் சேர மதிப்பு ஏறுகிறது. மருந்துச் சோதனை, வங்கிக் கடன் என்று ஒரு துறையின் உள்விவரமும் தெரிந்தால் இன்னும் ஏறும். அரசு வேலையில் கணக்கு வெளிப்படை. ஏழாவது ஊதியக் குழுப்படி, ஒன்றிய அரசின் இளநிலைப் புள்ளியியல் அதிகாரிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ. 35,400. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வில் தேறினால் ரூ. 56,100. படிகள் தனி. கணக்கில் ஆசையுள்ள பிள்ளைகள் நம் பக்கம் எத்தனை பேர்! இந்தத் தேர்வுகளின் பெயரே அவர்கள் காதில் விழவில்லையே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

“அண்ணா, இங்க பாருங்க!” புதிய பட்டியல் வந்திருந்தது. அதில் பூதிகோட்டைக்கே மூன்று பெயர்!