தாகமும் தித்திப்பும்

தாகம் என்பது உடல் நீரை வேண்டி எழுப்பும் குரல். அது சீனியை வேண்டி எழுவதன்று. ஆயினும், வெயிலில் விளையாடி வந்த பிள்ளை தண்ணீரை மறுத்துச் சோடாவோ சர்பத்தோ கேட்பது இன்று இலங்கையின் பட்டினங்களிலும் கிராமங்களிலும் அரிய காட்சியன்று. பிள்ளை ஏதாவது குடித்தாற் போதும் என்றெண்ணிப் பெற்றோரும் அதனைக் கொடுத்துவிடுகின்றனர். இவ்வழக்கத்தால் விளைவது யாது, அதனை வீட்டிலேயே மாற்றும் வழி யாது என்பன ஆராயத்தக்கவை.

முதலிற் கணக்கைப் பார்ப்போர்க்கு வியப்பே உண்டாகும். சாதாரண மென்பானத்தில் 100 மில்லிலீற்றருக்குச் சுமார் 10 கிராம் சீனி இருக்கும். ஆகவே 350 மில்லிலீற்றர் கொண்ட ஒரு போத்தலில் இருப்பது 35 கிராம். அதாவது ஏறக்குறைய 9 தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, உணவிலிருந்து பெறும் சத்தியில் நூற்றுக்குப் பத்து வீதத்துக்குக் குறைவாகவே இத்தகைய சீனி அமைதல் வேண்டும். ஐந்து வீதத்துக்குக் குறைவாயின் மேலும் நன்று. நாளொன்றுக்கு 1400 கலோரி உண்ணும் சிறு பிள்ளைக்குப் பத்து வீதம் என்பது 35 கிராமே. எனவே அந்த ஒரே போத்தல் அன்றைய எல்லை முழுவதையும் நிரப்பிவிடுகின்றது. காலையும் மாலையும் தேநீரிற் சேரும் சீனி, பிஸ்கற்றிலுள்ள சீனி ஆகியவை யாவும் அதற்கு மேற்பட்டனவே.

2016 ஆகஸ்டில் இலங்கையில் நடைமுறைக்கு வந்த விதிகள், பானப் போத்தல்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களாற் காட்டுமாறு பணித்தன. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டாற் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தாற் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். ஆகவே 10 கிராம் கொண்ட பானமும் செம்மஞ்சளாகவே தோன்றும். நிறத்தை மட்டும் நம்பாது, அதனுள் எழுதப்பட்ட எண்ணையும் தாய்மார் வாசித்தல் வேண்டும்.

சீனி முதலிற் கெடுப்பது பல்லை. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சீனியை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலுறையாகிய மிளிரியைக் கரைக்கின்றது. உமிழ்நீர் அவ்வமிலத்தைத் தணித்துப் பல்லைச் சீர்செய்ய ஓரளவு நேரம் வேண்டும். ஒரு போத்தலை மாலை முழுவதும் சிறிது சிறிதாகப் பருகும் பிள்ளையின் பற்களுக்கு அந்த ஓய்வு கிடைப்பதேயில்லை. பற்சூத்தைக்குச் சீனியின் அளவு மட்டுமன்றி, அதனை எத்தனை முறை உட்கொள்கின்றோம் என்பதும் காரணமாவது இதனாலேயே.

அடுத்தது உடற்பருமன். சோறு உண்டால் வயிறு நிறைந்தது என்ற உணர்வு வரும். திரவமாக உட்செல்லும் சீனி அவ்வுணர்வை அவ்வளவாகத் தருவதில்லை. நெதர்லாந்தில் 641 பிள்ளைகளை 18 மாதம் அவதானித்து, 2012இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. ஒரு சாராருக்கு நாள்தோறும் 250 மில்லிலீற்றர் சீனிப் பானமும், மற்றவர்க்குச் சீனியில்லாப் பானமும் கொடுக்கப்பட்டன. சீனிப் பானம் அருந்தியோர் மற்றவரிலும் சராசரி 1 கிலோகிராம் அதிகமாக எடை கூடியிருந்தனர்.

இவையெல்லாம் அறிந்த பெற்றோரும் ஓர் அச்சத்தினால் மென்பானத்தை நாடுவதுண்டு. அது கிணற்று நீரைப் பற்றிய அச்சம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கற் பாறையில் ஊறுவது. உரமும் மலசலகூடக் குழியும் அதில் நைத்திரேற்றைச் சேர்ப்பதுண்டு. அச்சம் நியாயமானதே, ஆனால் அதற்குப் பரிகாரம் சோடா அன்று. கொதிக்கவைத்தால் நோய்க் கிருமிகள் அழியும்; நைத்திரேற்று நீங்காது. ஆதலின் ஐயமுள்ள கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையுடன் சோதிப்பித்து, தக்க நீரைத் தேடிக்கொள்வதே முறை. ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கோ தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை.

பிள்ளையைத் தண்ணீருக்குப் பழக்குவது எவ்வாறு? ஜெர்மனியின் டோட்மண்ட், எசென் நகரப் பாடசாலைகளில் நீர்க்குழாய்களை அமைத்து, பிள்ளைகளுக்குத் தனித்தனிப் போத்தலும் கொடுத்துப் பார்த்தனர். அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு குவளை நீர் கூடுதலாகக் குடித்தனர். மிகைப்பருமன் ஏற்படும் வாய்ப்பும் குறைந்தது என 2009இல் வெளியான ஆய்வு கூறிற்று. கைக்கெட்டும் நீரையே பிள்ளை குடிக்கும் என்பது இதனாற் பெறப்படும். ஆயின் மென்பானம் அருந்துவது அங்கே குறைந்ததாகக் காணப்படவில்லை. ஆகவே நீரை அருகில் வைப்பதோடு, இனிப்புப் போத்தலை வீட்டில் வாங்கி வையாமையும் வேண்டும்.

மண்பானையின் நுண்துளைகளிற் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால், உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. ஆறவைத்த நீரை அதில் ஊற்றி மூடி, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வைத்து, அதற்கென ஒரு பேணியும் கொடுத்தால், தானே எடுத்துக் குடிக்கும் பெருமை பிள்ளைக்கு உண்டாகும். உணவு வேளையில் எல்லோரும் தண்ணீரே அருந்துதல் நன்று; தந்தை சோடா குடித்துக்கொண்டு மகனுக்குத் தண்ணீரின் பெருமையைக் கூறுவதாற் பயனில்லை. தேநீரின் சீனியை ஒரே நாளில் நிறுத்தாது, வாரந்தோறும் அரைக் கரண்டி குறைத்தால் நாக்கு அதற்கு இசைந்துவிடும். சீனி சேராத மோரும் இடையிடையே உதவும். பழத்தைப் பிழிந்து கொடுப்பதிலும் பழமாகவே உண்ணக் கொடுத்தல் சிறந்தது. நல்ல பிள்ளையாக இருந்ததற்குப் பரிசாக மென்பானம் வாங்கிக் கொடுத்தால், தண்ணீர் தண்டனை போலத் தோன்றும். திருநாளில் ஒரு குவளை அருந்துவதாற் கேடில்லை. அது நாள்தோறும் நிகழாதிருத்தலே வேண்டுவது.

வீட்டுக்கு வந்தவர்க்கு முதலிற் செம்பில் தண்ணீர் கொடுத்து உபசரிப்பது தமிழர் வழக்கம். விருந்தினருக்குக் குறைவில்லாத அந்த நீர், வீட்டுப் பிள்ளைக்கும் குறைவானதன்று.