அழுத்தமும் அளவும்: இலத்தீன் சொல்லழுத்தம் தமிழாசிரியர்க்கு உணர்த்துவது

இலத்தீன் மொழி நம் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு முற்றிலும் அயலானதன்று. 1960களின் நடுப்பகுதி வரை கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள கத்தோலிக்கத் தேவாலயங்களில் தமிழ் மக்கள் திருப்பலியை இலத்தீனிலேயே கேட்டனர். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கி, 1966இல் இந்நகரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்குக் காரணராயிருந்த தனிநாயகம் அடிகளார் உரோமையில் இறையியல் பயின்றவர்; வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துப் பண்டைக் குருமாரைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். அதே வட ஆப்பிரிக்காவில் இலத்தீன் ஒலிப்புக்கு நேர்ந்த ஒரு மாற்றம் இன்றைய நம் தமிழ் வகுப்பறைக்கு ஓர் எச்சரிக்கையாக அமைகிறது. அதனை விளங்கிக்கொள்ள, இலத்தீனில் சொல்லழுத்தம் எவ்வாறு அமைந்தது என்பதை முதலில் காண்போம்.

அழுத்தம் விழும் இடம்

ஓர் உயிரை நடுவாகக் கொண்டு ஒலிக்கும் பகுதியை இங்கே அசை என்கிறோம். யாப்பிலக்கணம் கூறும் அசைகளை நேரசை, நிரையசை என்று அவற்றின் பெயராலேயே குறிப்போம்.

செவ்வியல் இலத்தீனில் ஈரசைச் சொல்லாயின் அழுத்தம் முதலசையில் விழும். மூன்றும் அதற்கு மேலும் அசைகள் உள்ள சொல்லாயின் ஈற்றயலசையை நோக்க வேண்டும். அவ்வசை நெடிலாகவோ, குறில் ஒற்றடுத்ததாகவோ இருப்பின் அழுத்தம் அதன்மேல் நிற்கும். அது தனிக்குறிலாயின் அழுத்தம் ஓரசை முன்னே செல்லும். உரோமையன் எனப் பொருள்படும் 'ரோமானுஸ்' என்பதில் 'மா' நெடில். ஆசிரியன் எனப் பொருள்படும் 'மகிஸ்தெர்' என்பதில் 'கிஸ்' ஒற்றடுத்த குறில். ஆகவே அழுத்தம் அவ்விடங்களில் விழுகிறது. தலைவன் எனப் பொருள்படும் 'தொமினுஸ்' என்பதில் 'மி' தனிக்குறில். ஆதலின் அழுத்தம் 'தொ'வுக்குச் செல்கிறது.

இவ்விதியில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அழுத்தம் தானாக இடம் தேடிக்கொள்வதில்லை. அளவே அதற்கு இடம் காட்டுகிறது. 'ஒக்கிதித்' என்றால் வீழ்ந்தான். 'ஒக்கீதித்' என்றால் கொன்றான். முன்னதில் அழுத்தம் முதலசையிலும், பின்னதில் நடுவசையிலும் விழும். இடம் மாறியதற்குக் காரணம் 'கி' 'கீ' ஆனதே. 'மலுஸ்' என்றால் தீயவன்; 'மாலுஸ்' என்றால் ஆப்பிள் மரம். இவ்விரண்டிலும் அழுத்தம் முதலசையிலேயே உள்ளது. பொருளைப் பிரிப்பது நீளம் ஒன்றே.

அவ்வழுத்தத்தின் இயல்பு யாது? குரலை உயர்த்துவதா, மூச்சை ஓங்கிச் செலுத்துவதா? உரோம இலக்கணிகள் அதனைக் குரலின் ஏற்ற இறக்கமாகவே விளக்கினர். 'அக்கென்துஸ்' என்னும் அவர்களது கலைச்சொல்லும் 'பாட்டோடு சேர்வது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் பெயர்ப்பே. ஆயினும், சூடானது எனப் பொருள்படும் 'கலிதுஸ்' பேச்சில் 'கல்துஸ்' எனக் குறுகியது. இவ்வாறு அழுத்தமற்ற உயிர் தேய்ந்து மறைவது மூச்சழுத்தத்தின் அடையாளம் என்பார் பலர். இவ்வழக்கு இன்றும் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. அழுத்தத்திற்கு இடம் வகுத்தது அளவே என்பதில் மட்டும் ஐயமில்லை.

தமிழின் மாத்திரை

தமிழ் பயில்வோர்க்கு இந்தக் கணக்கு புதியதன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை எனத் தொல்காப்பியம் வகுத்தது. இயல்பான கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அதற்கு அளவுகோலாகக் காட்டியது. 'படம்' என்பது ஒரு நிரையசை. 'பாடம்' என நீட்டினால் நேர் நேர். 'பட்டம்' என ஒற்றிட்டாலும் நேர் நேர். நெடிலும் ஒற்றடுத்த குறிலும் ஒரே நிலையில் நின்று, அடுத்த எழுத்தோடு இணைந்து நிரையாகாமல் தடுக்கின்றன. இலத்தீன் அழுத்தவிதியில் இவ்விரண்டும் ஒருநிகராக நின்றதை மேலே கண்டோம். தொடர்பற்ற இரு மொழிகள் ஒலியை ஒரே வகையில் நிறுத்துப் பார்த்திருப்பது வியப்புக்குரியது.

வேறுபாடும் உண்டு. தமிழில் சொல்லின் முதலசை சற்றே எடுப்பாக ஒலிப்பினும், அழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. அப்பணி முழுவதையும் அளவே செய்கிறது. கல், கால், விடு, வீடு, குடை, கூடை என முதலசையிலும், பல, பலா, விழ, விழா என ஈற்றசையிலும் அது பொருளைப் பிரிக்கிறது. 'யாவரும் அறியப் பேசினார்' என்பதற்கும் 'யாவரும் அறியாப் பொருள்' என்பதற்கும் இடையே உடன்பாட்டையும் எதிர்மறையையும் பிரிப்பது ஒரேயொரு மாத்திரை.

ஆப்பிரிக்கச் செவி

வட ஆப்பிரிக்காவில் ஆயராயிருந்த அகுஸ்தீன், கி.பி. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், போதிப்போர்க்கென எழுதிய நூலில் ஒரு செய்தியைத் தருகிறார். இலத்தீனில் 'ஒஸ்' என்றால் எலும்பு. 'ஓஸ்' என்றால் வாய். உயிரின் குறுமையையும் நெடுமையையும் ஆப்பிரிக்கச் செவிகள் பிரித்தறிவதில்லை என்கிறார் அவர். ஆகவே, எலும்பைக் குறிக்கக் கற்றோர் இழிவழக்கு என்று ஒதுக்கிய 'ஒஸ்ஸும்' என்னும் வடிவத்தைச் சொன்னாலும் குற்றமில்லை. கேட்போர்க்கு விளங்குவதே வேண்டும் என்பது அவர் முடிவு.

வேற்றுமொழிகளும் வழங்கிய நிலத்தில் அன்று வெளிப்பட்ட இத்தளர்ச்சி பின்னர் எங்கும் பரவியது. இத்தாலியம், இசுபானியம், பிரெஞ்சு ஆகிய சேய்மொழிகள் இலத்தீனின் குறில் நெடில் வேறுபாட்டைப் பெறவில்லை. தேவாலய இலத்தீனும் அதனை இழந்தது. அழுத்தம் மட்டும் எஞ்சியது. அளவை அறியாதார்க்கு அழுத்தத்தின் இடமும் தெரியாது. ஆதலின் வழிபாட்டு நூல்களில் நீண்ட சொற்களுக்கு அழுத்தக்குறியிட்டு அச்சிட வேண்டியதாயிற்று.

எழுத்தும் இதில் துணைசெய்யவில்லை. உரோமர் நெடிலுக்குச் சில வேளை மேற்கோடு இட்டனராயினும், பொதுவழக்கில் குறிலும் நெடிலும் ஒரே எழுத்தாகவே எழுதப்பட்டன. தமிழிலும் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஓலைச்சுவடிகளில் மயங்கிக் கிடந்தன. அவற்றைப் பிரித்தெழுதும் வடிவங்களைத் தந்தவராகப் போற்றப்படும் வீரமாமுனிவர் இலத்தீன் கற்றவர். பேச்சுத்தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. இன்று நம் எழுத்தில் மயக்கமில்லை. நாவிலும் செவியிலும் மயக்கம் வாராமல் காப்பதே எஞ்சியுள்ள பணி.

நம் வகுப்பறை

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வளரும் தமிழ்ச் சிறுவன் மும்மொழிச் சூழலில் வாழ்கிறான். மலாய்மொழி நீளத்தால் பொருளைப் பிரிப்பதில்லை. பெட்டி, கட்டில், கப்பல் என்னும் நம் சொற்கள் மலாயில் புகுந்தபோது அவற்றின் இரட்டித்த ஒற்று ஒற்றையாகிவிட்டது. ஆங்கிலமோ அழுத்தம் பெற்ற அசையை ஓங்கச் செய்து, ஏனையவற்றைத் தேய்க்கிறது. 'பனானா' என்னும் ஆங்கிலச் சொல்லில் ஒரே உயிரெழுத்து மூன்றிடத்தில் எழுதப்படினும், நடுவில் மட்டுமே அது முழுதாய் ஒலிக்கிறது. இவ்விரு பழக்கங்களும் தமிழ் வாசிப்பில் கலந்தால், முதலசை ஓங்கி ஈற்று நெடில் தேயும். பலா பல ஆகும். விழா விழ ஆகும். அறியாப் பொருள் அறியும் பொருளாய்விடும்.

இதற்கு மாணவரைக் குறைகூறுதல் தகாது. மூன்று மொழிகளை ஆளும் செவி அது; எந்த மொழியில் எதனைக் கேட்க வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். 'அழுத்தந்திருத்தமாகப் படி' என்கிறோம். தமிழுக்கு அதனினும் முதன்மையாக வேண்டுவது அளவறிந்து படித்தல். மாணவர் 'விழா'வை 'விழ' என ஒலிக்கும்போது, 'உரக்கச் சொல்' என்றால் முதலசையே மேலும் ஓங்கும். 'இரண்டு நொடி நீட்டு' என்றால் பிழை திருந்தும். தொல்காப்பியம் காட்டிய கைந்நொடியே போதுமான கருவி. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என நொடித்துக் காட்டி, இணைச்சொற்களை நாள்தோறும் சிறிது நேரம் சொல்லவும் கேட்கவும் செய்தல் நன்று. ஈற்றில் நெடில் வரும் சொற்களுக்குத் தனிக்கவனம் வேண்டும். தேய்வு அங்கேதான் மிகுதியாக நிகழக்கூடும்.

இலத்தீனின் அளவு ஒரே நாளில் மறையவில்லை. கேட்கும் செவி முதலில் தளர்ந்தது. பின்னர் ஒலிக்கும் நா தளர்ந்தது. இலக்கணிகள் விதியை எழுதி வைத்தும் அது மீளவில்லை. ஏனெனில் நூலில் இருந்தது குழந்தைகளின் செவியில் இல்லை. தமிழில் இன்றும் ஒரு மாத்திரை பொருளை மாற்றுகிறது. அதனை அடுத்த தலைமுறையின் செவியில் சேர்ப்பது, தொடக்கப்பள்ளியில் முதன்முதலாக 'கல், கால்' என்று சொல்லித்தரும் ஆசிரியரின் கையில் உள்ளது.